காத்திருக்கும் கூடத்தில் டிவி ஏன் கத்துகிறது?

கோலாலம்பூரில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில் காலை எட்டரை மணிக்குப் போய் உட்கார்ந்தால், பெரும்பாலும் காதில் முதலில் விழுவது டிவிதான். ஏதோ ஓர் அரட்டை நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும். சிரிப்பு, கைதட்டல், நடுநடுவே விளம்பரம். அதற்கு அடியில் எங்கேயோ எண் கூப்பிடும் பெண்குரல்: "நோம்போர் டுவா கோசோங் அம்பாட் துஜோ, கவுந்தர் தீகா." ஒரு வெள்ளிக்கு மருத்துவம் பார்க்கிற இடம். இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தவறாமல் மருந்து எடுக்க வருகிற வயதானவர்கள் நிறைய. சீட்டை உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு, நல்லா கேட்கிற காதைக் கவுண்டர் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கும் பாட்டிகளையும் தாத்தாக்களையும் வரிசைக்கு வரிசை பார்க்கலாம். டிவி பக்கம் திரும்புகிறவர்கள் ரொம்பக் குறைவு.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. வந்தோமா, மருந்தை வாங்கினோமா, போனோமா என்று இருந்துவிட்டுப் போகலாமே என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கூடத்தில் இருப்பவர் எழுந்து போக முடியாது, போனால் முறை தவறிவிடும். சேனலை மாற்ற முடியாது, சத்தத்தைக் குறைக்க முடியாது. அவர் கேட்டே ஆகவேண்டிய ஒரே குரலை, அவர் கேட்காத குரல்கள் வந்து மூடுகின்றன. எரிச்சலுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. எத்தனை டெசிபல் என்ற கணக்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது.

சத்தம் நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலையில் உறுமி மேளத்துக்கு நடுவே மணிக்கணக்கில் நிற்கிறோம். தீபாவளி நெருங்கும்போது பிரிக்ஃபீல்ட்ஸில் கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு அலறும், அதற்குள்ளேயே நின்று பேரம் பேசிச் சேலை எடுக்கிறோம். காற்பந்து ஆட்டம் நடக்கிற இரவில் மாமாக் கடையில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, அதற்காக யாரும் கோபப்படுவதில்லை. அங்கெல்லாம் நாமாகப் போகிறோம். போதும் என்றால் கிளம்பிவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்தை ஆராய்ச்சியே செய்து பார்த்திருக்கிறார்கள். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நகரத்து இரைச்சலைப் பற்றி 1972இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களுடைய சோதனைகளில், வந்தவர்களை உட்காரவைத்து 108 டெசிபல் வரை இரைச்சலை விட்டுவிட்டுப் போட்டார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் ஒரு பொத்தானைக் காட்டி, "தாங்க முடியவில்லை என்றால் அழுத்துங்கள், நின்றுவிடும். ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது" என்று சொல்லிவைத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் அழுத்தவே இல்லை. ஆகவே இரண்டு பிரிவும் கேட்டது ஒரே இரைச்சல்தான். அது முடிந்த பிறகு எழுத்துப்பிழை பார்க்கும் வேலையும், தீர்வே இல்லாத புதிரும் கொடுத்தபோது, பொத்தான் வைத்திருந்தவர்கள் பிழைகளை அதிகம் கண்டுபிடித்தார்கள், புதிரோடு அதிக நேரம் போராடினார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. கிளினிக் டிவியின் ரிமோட் பெரும்பாலும் கவுண்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு மேசை டிராயரில் கிடக்கும். அது அங்கே கிடக்கிறது என்பதுதான், ஒலியின் அளவைவிட, காத்திருப்பவரைச் சோர வைக்கிறது என்று இந்தச் சோதனையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இன்னொரு ஆய்வு நம்முடைய விஷயத்துக்கு நேராகவே வருகிறது. மருத்துவமனைக் கட்டடச் சூழலுக்கும் நோயாளியின் உடல்நிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பேர் பெற்ற ரோஜர் உல்ரிக்கும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்டது. இரத்த தானம் செய்ய வந்த 872 பேரை, காத்திருக்கும் அறையில் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு சூழலில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். சில நாட்கள் வழக்கமான பகல் நேர டிவி, சில நாட்கள் இயற்கைக் காட்சி வீடியோ, சில நாட்கள் நகரக் காட்சி வீடியோ, சில நாட்கள் திரை அணைந்தே இருக்கும். இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். டிவி ஓடிய நாட்களைவிட அது அணைந்திருந்த நாட்களில் மன அழுத்தம் குறைவாக இருந்தது என்பதுதான் முடிவு. இரத்த அழுத்தம் பார்க்க வருகிறவரை டிவிக்கு அடியில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம் உள்ளே கூப்பிட்டு அளக்கிறோம் என்பதை நம் கிளினிக்குகள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

டிவியை வைப்பவர்கள் கெட்ட எண்ணத்தில் வைப்பதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் நீளமாகத் தெரியும், ஏதாவது பார்த்துக்கொண்டிருந்தால் சீக்கிரம் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. இதை டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை அறிஞர் 1985இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் விதியாகவே சொன்னார். ஆனால் அதே கட்டுரையில் அவர் சொன்ன மற்ற விதிகளை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பயத்தோடு காத்திருக்கும் நேரம் நீளும். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் காத்திருந்தால் இன்னும் நீளும். ஏன் தாமதம் என்று சொல்லாவிட்டால் அதற்கும் மேலே நீளும். இரத்தப் பரிசோதனை முடிவுக்காக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும். சமையல் நிகழ்ச்சி அதில் எதையும் தீர்க்காது. "இன்னும் பதினைந்து பேர், ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்" என்று திரையில் ஒரு வரி போட்டால் பாதிக் கவலை தீரும்.

பொது இடத்து டிவி ஒரு காலத்தில் நமக்கு வேறு பொருளாக இருந்தது. இந்த நாட்டில் டிவி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் தேதி, கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் இருக்கும் துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபத்திலிருந்து தொடங்கியது. அங்காசாபுரி ஒளிபரப்பு வளாகத்துக்கு மாறியது 1969இல். அப்போது வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேர். தோட்டங்களில் பொது மண்டபத்து டிவிதான் எல்லாருக்கும். தமிழ்ப்படம் போடுகிற நாளில் சீக்கிரமே சமையலை முடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பாயைச் சுருட்டிக்கொண்டு போய் இடம் பிடித்த கதைகளை எந்தத் தோட்டத்துப் பாட்டியிடம் கேட்டாலும் சொல்வார். அந்த டிவி எவ்வளவு சத்தமாக வைத்தாலும் "இன்னும் கொஞ்சம் வை" என்றுதான் குரல் வந்திருக்கும். பார்ப்பதற்கென்றே வந்த கூட்டம் அது. இன்றைக்குக் காத்திருக்கும் கூடத்து டிவியோ, வேறு காரியத்துக்கு வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்துப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் காலத்து நல்லெண்ணம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. டிவி போட்டு வைப்பது ஓர் உபசாரம் என்று நாம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மாதிரி மாட்டிக்கொண்ட கூட்டத்துக்கு விலை உண்டு என்பதை வணிக உலகம் சீக்கிரமே கண்டுகொண்டது. வாஷிங்டன் நகரத்து டிராம்களிலும் பேருந்துகளிலும் ஒலிபெருக்கி வைத்து வானொலியும் விளம்பரமும் போட்டார்கள். பயணிகள் வழக்குப் போட்டு அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1952இல் வந்த தீர்ப்பு போக்குவரத்து நிறுவனத்துக்குச் சாதகம். ஆனால் ஃபெலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர் என்ற நீதிபதி, தானே இந்த வழக்கத்தால் பாதிக்கப்பட்டவன், தன் மனம் இதில் மிகவும் சூடாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். வில்லியம் டக்ளஸ் என்ற நீதிபதி, தனியாக விடப்படும் உரிமைதான் எல்லாச் சுதந்திரத்துக்கும் தொடக்கம் என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். பிறகு விமான நிலையங்களின் முறை வந்தது. அமெரிக்க விமான நிலையங்களுக்கென்றே சிஎன்என் நடத்திய அலைவரிசை 1992 முதல் 2021 மார்ச் வரை ஓடியது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அதை இழுத்து மூடிவிட்டார்கள்.

நம் அரசாங்கக் கிளினிக்கில் டிவியால் யாருக்கும் விளம்பரக் காசு வருவதில்லை. அங்கே அது வெறும் பழக்கம். காலையில் வேலைக்கு வருகிறவர் விளக்கைப் போடுவதுபோல டிவியையும் போட்டுவிடுகிறார். அதனால்தான் இதை மாற்றுவது சுலபம் என்றும் நான் நம்புகிறேன்.

சரி, டிவி இருக்கட்டும், ஏன் இவ்வளவு சத்தம்? கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், நாற்காலி உலோகம் அல்லது பிளாஸ்டிக். ஒலியை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. சுத்தம் செய்யச் சுலபம், கிருமிக்கு இடமில்லை என்பதால் மருத்துவமனைகள் இப்படிக் கட்டப்படுகின்றன, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பிவந்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது. தட்டை டிவிகளின் ஸ்பீக்கரோ சின்னது, பெரும்பாலும் கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ பார்த்திருக்கும். கூரையோரம் மாட்டிய டிவியிலிருந்து கிளம்பும் பேச்சு முதலில் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று யாரோ இன்னும் ஏற்றுகிறார். ஏற்றினால் எதிரொலியும் சேர்ந்தே ஏறுகிறது.

அப்புறம் மனிதர்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்திப் பேசுவோம். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மருத்துவர் 1911இல் இதைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். டிவி சத்தத்துக்கு மேல் மிஸ்ஸி (தாதி) கத்துகிறார், மிஸ்ஸிக்கு மேல் பக்கத்து இருக்கைக்காரர் போனில் கத்துகிறார், அழுகிற குழந்தை எல்லாருக்கும் மேலே போகிறது. கூட்டம் நிறைந்த பத்து மணிக்கு யாரோ ஏற்றிவைத்த ஒலி, கூட்டம் கலைந்த மூன்று மணிக்கும் அதே இடத்தில் நிற்கும். ஏற்றுவதற்கு ஒருவர் வருவார், இறக்குவது யாருடைய வேலையும் இல்லை.

விளம்பரம் வரும்போது திடுக்கென்று தூக்கிப்போடுவதற்குக் காரணம் வேறு. விளம்பரத்தில் மெல்லிய ஒலிகளையும் உரத்த ஒலிகளையும் அழுத்திச் சேர்த்து, ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் நிரப்பிவிடுகிறார்கள். உச்ச அளவு நிகழ்ச்சியைப் போலவே இருக்கும், காதுக்கு மட்டும் உரக்கத் தெரியும். மனிதக் காது உணர்கிறபடி ஒலியை அளக்க ஓர் அனைத்துலகத் தரம் 2006இல் வந்தது. அமெரிக்கா இதற்கென்றே 2010இல் ஒரு சட்டம் போட்டு, நிகழ்ச்சியைவிட விளம்பரம் உரக்க ஒலிக்கக்கூடாது என்றது.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வயதானவர்களின் காது. 60 வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிக்கு மேற்பட்டவர்களுக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வயதினால் வரும் செவிக்குறைவு எல்லா ஒலியையும் ஒரே மாதிரி குறைப்பதில்லை. உயர் அதிர்வெண் கொண்ட கூரிய ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகும். உயிர் ஒலிகள் பரவாயில்லாமல் கேட்கும், மெய் ஒலிகள் மங்கிவிடும். இப்போது மலாயில் நான்கையும் ஆறையும் சொல்லிப் பாருங்கள்: அம்பாட், அனாம். இரண்டிலும் வருகிற உயிர் ஒலிகள் ஒன்றுதான். நடுவில் வரும் மெய்யும் கடைசியில் வரும் மெய்யும்தான் வேறு. டிவிச் சிரிப்பு அந்த இடத்தில் விழுந்தால் எண் மாறிப்போகும். அமைதியான அறையில் கேட்கிற பாட்டிக்கே கூடத்தில் கேட்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேச்சை மறைப்பதற்குப் பேச்சைப்போல வேறு எதுவும் இல்லை. காற்றாடிச் சத்தத்தை மூளை ஒதுக்கிவிடும், இன்னொரு மனிதக் குரலை அப்படி ஒதுக்குவது கடினம், வயதாக ஆக இன்னும் கடினம்.

ஒரு கிளினிக்கில் நான் கண்ணால் பார்த்தது இது. சேலை கட்டிய ஒரு பாட்டி, துணைக்கு யாரும் இல்லை. அவர் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு மூன்று எண் தள்ளிப் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண் சீட்டை எட்டிப் பார்த்து, "பாட்டி, உங்க நம்பரை அப்பவே கூப்பிட்டாச்சே" என்றார். பாட்டி எழுந்து கவுண்டருக்குப் போனார். "மறுபடி கூப்பிடுவோம், உட்காருங்கள்" என்று மலாயில் சொன்னார்கள். அதுவும் அவர் காதில் சரியாக விழவில்லை. திரும்பிவந்து, "மருந்து இல்லேன்னுட்டாங்களா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அப்போது டிவியில் சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஒருவர்கூட அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

எண்ணோடு முடிவதில்லை. உள் அறைகளுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பேர்கள் வேற்று நாவில் ஏற்கெனவே கொஞ்சம் உருமாறித்தான் வரும். கறுப்பையா கருபியாவாக வருவார், அப்புறம் ஆனாக் லெலாக்கி (மகன்), அப்புறம் அப்பா பேர். அமைதியில் என்றால் ஊகித்துக்கொள்ளலாம். இரைச்சலில் முடியாது.

புரியாத மொழி நாடகம்தானே, அது பாட்டுக்கு ஓடட்டும், நமக்கென்ன என்று சொல்வதும் சரியில்லை. 1976இல் கோலி, வெல்ஷ் என்ற இருவர் ஆங்கிலம் பேசுகிறவர்களை எழுத்துகளை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஜெர்மன் மொழி உரையை ஓடவிட்டார்கள். ஒரு சொல்லும் புரியாத பேச்சு, ஆனாலும் நினைவு தடுமாறியது. மருந்து எத்தனை வேளை, அடுத்த தேதி எப்போது என்று மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கும் இதேதான் நடக்கும்.

டிவிக்கு ஆதரவாக ஒரு நல்ல வாதமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கவுண்டரில் ஒருவர் தன் நோயைச் சொல்லும்போது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் டிவி மறைக்கிறது என்பார்கள். கொஞ்சம் டிவி சத்தம் மறைக்கும்தான். உரத்த டிவி என்றால் லொம்பார் சொன்னதுதான் நடக்கும். "என்ன? எங்கே வலிக்கிறது? சத்தமாகச் சொல்லுங்கள்!" என்று கேட்க, மூலநோயையும் மாதவிலக்கையும் கூடம் முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தரங்கத்துக்கு உதவுவது கவுண்டருக்கும் இருக்கைகளுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும், ஒரு தடுப்பும்தான்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்குப் பிடிமானம் குறைவு. 2019இல் நடப்புக்கு வந்த வேலையிடத்து இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேரச் சராசரியாக 85 டெசிபல் என்று எல்லை வைக்கின்றன. காது கெட்டுப்போகாமல் காப்பதற்கான எல்லை அது, தொழிற்சாலைகளை மனதில் வைத்தது. எந்தக் கிளினிக் டிவியும் அந்த அளவுக்குப் போகாது. உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டி, மருத்துவமனை வார்டுக்குள் இரவில் 30 டெசிபல் போதும் என்றது. சாதாரணமாக இருவர் எதிரெதிரே பேசுவதே 60 டெசிபல் அளவில் இருக்கும். அந்த வழிகாட்டி காத்திருக்கும் கூடத்துக்கு எழுதப்பட்டதில்லை. ஆனாலும் நோயாளிக்கு எவ்வளவு அமைதி தேவை என்று மருத்துவம் நினைக்கிறது என்பதை அதில் பார்க்கலாம்.

அமெரிக்காவில் மிட்ச் ஆல்ட்மன் என்பவர் 2004இல் ஏறக்குறைய எந்த டிவியையும் அணைக்கிற சாவிக்கொத்து ரிமோட் ஒன்றைச் செய்து விற்றார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த வழி எனக்குப் பிடிக்கவில்லை. கூடத்தில் ஒரே ஒரு தாத்தா நிஜமாகவே டிவி பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் வீட்டில் பேச்சுத்துணைகூட இல்லாமல் இருக்கலாம். அவரிடமிருந்து பிடுங்கத் தேவையில்லை. நம் ஊர் டிவியில் தமிழ்ப்படங்களே மலாய் எழுத்தோடுதான் வருகின்றன. ஒலியில்லாமல் எழுத்தைப் படித்துப் பின்தொடர்வது இங்கே யாருக்கும் புதிதில்லை. படம் ஓடட்டும், ஒலி அணைந்திருக்கட்டும். எண் கூப்பிடும் குரல் மட்டும் கூடத்தில் ஒலிக்கட்டும், அதே எண் பெரிய எழுத்தில் திரையிலும் வரட்டும்.

ஒலியை முழுக்க அணைக்க மனமில்லை என்றால், பல டிவிகளில் ஹோட்டல் மோட் என்று ஓர் அமைப்பு உள்ளே இருக்கிறது. அதில் ஒலி இதற்கு மேல் போகக்கூடாது என்று ஓர் உச்ச எண்ணை வைத்துப் பூட்டிவிடலாம், காலையில் போடும்போது எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்றும் வைக்கலாம். காசு செலவில்லை, டிவியைப் பொருத்த வருகிறவரிடம் சொன்னால் அன்றைக்கே முடிகிற வேலை.

நேரில் கேட்பதும் பலிக்கிறது. கவுண்டரில் "போலே பெர்லஹான்கான் சிகிட்?" (கொஞ்சம் குறைக்கலாமா?) என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலும் குறைத்துவிடுகிறார்கள். அவர்களும் நாள் முழுக்க அதே சத்தத்தில் இருப்பவர்கள்தானே. காரணம் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது: "அம்மாவுக்கு எண் கேட்கவில்லை" என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. நாளைக்கும் அப்படியே இருக்கவேண்டும் என்றால் எழுதிக் கொடுக்கவேண்டும். அரசாங்க அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சிஸ்பா என்ற இணையப் புகார் முறை இருக்கிறது. அதில் "டிவி சத்தம் தொல்லை" என்று ஒரு வரி போட்டால் அது சலிப்பாகத்தான் படிக்கப்படும். எந்தக் கூடம், எத்தனை மணி, எண் அழைப்பு கேட்காமல் யாருடைய முறை தவறியது, டிவி கவுண்டரிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாட்டியிருக்கிறது என்று எழுதுங்கள். ஒலிக்கு உச்ச எண் வைத்துப் பூட்டலாம் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.